குடைமிளகாய்த் தோல்

செப்டம்பரில் ப்லோவ்திவ் முழுக்கக்
குடைமிளகாய் சுடும் வாசனை.
பால்கனிக்குப் பால்கனி மின்னடுப்பு.
கருகக் கருகச் சுட்டு, தோலுரித்து,
குளிர்காலத்துக்குப் புட்டியில் அடைப்பார்கள்.
நான் இந்த வருடம் சுடவில்லை.
போன வருடம் கொடுத்த புட்டிகளையே
மகன் இன்னும் திறக்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
பின்னால் தேவைப்படும்.

செவ்வாய் இரவு சிங்க் நின்றுவிட்டது.
விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல்
சாம்பல் நிறத் தண்ணீரை
வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

சோடா உப்பைக் கொட்டி வினிகர் ஊற்றினேன்.
நுரைத்தது.
நுரைத்ததோடு சரி.
கொதிநீர் ஒரு கெட்டில், இன்னொரு கெட்டில்.
ரப்பர் கிண்ணத்தை வைத்து அமுக்கி இழுத்ததில்
பக்கத்து ஓட்டை வழியாகச்
சட்டை முழுக்கத் தெறித்தது.
கோட் மாட்டும் கம்பியை நிமிர்த்தி விட்டேன்;
உள்ளே போய் வளைந்து
பழையபடி கொக்கியாகவே திரும்பி வந்தது.

கடைசியில் அடியில் வாளி வைத்து
முழங்காலிட்டு
வளைகுழாயைக் கழற்றினேன்.
கிடைத்தவை:
இருமல் மருந்தின் மூடி,
உறைந்த கொழுப்பு ஒரு கைப்பிடி,
மருமகள் எடுத்துப் போய்விட்டாள் என்று
நாலு வருடமாய் நான் நம்பியிருந்த
சின்னக் கரண்டி.

கழுவி மாட்டினேன்.
தண்ணீரைத் திறக்கக்கூட இல்லை,
சிங்க் நிறையத் தொடங்கியது.
தானாக. கீழிருந்து.
சிவப்பாய், ஒரு பக்கம் கருகி
மிதந்து வந்தது
குடைமிளகாய்த் தோல்.
பிறகு இன்னொன்று. பிறகு கூட்டமாய்.

நான் சுடவில்லை என்றேனே.

படியேறினேன்.
ஐந்தாம் மாடி சப்ரியானோடு பேசி இரண்டு வருடம்.
லிஃப்ட் பழுதுக்கு என் பங்கைக் கேட்டார்.
படியில் ஏறுகிறவள் எதற்குத் தரவேண்டும் என்றேன்.
"உங்களுக்கும் கால் வலிக்கும் ஒருநாள்" என்றார்.
அதோடு நின்றது.

முழங்கை வரை சிவந்த கையோடு கதவைத் திறந்தார்.
"என் வீட்டில் ஒழுங்காகத்தானே போகிறது?"
போகிறது ஐயா,
என் வீட்டுக்குப் போகிறது.

வந்து பார்த்தார். தன் தோல்களைத்
தானே அடையாளம் கண்டுகொண்டார்.
வாயடைத்துப் போனார் என்று எழுத ஆசைதான்.
"உங்கள் கொழுப்பில்தான் சிக்கியிருக்கிறது" என்றார்.
எந்தக் கொழுப்பு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் வாடகைக்கு ஒரு சுருள்கம்பி கொண்டுவந்தார்.
அவர் தள்ள, நான் பிடியைச் சுற்ற,
ஏழாவது மீட்டரில் ஏதோ தடுத்தது.
கொஞ்சம் யோசித்தது.
விட்டது.

"மேலே போய் ஊற்றுகிறேன், கவனியுங்கள்."
அங்கேயும் வளைகுழாயைக் கழற்றிவிட்டார் போல,
என் சுவரிலிருந்த ஓட்டை பேசியது:
"நான்காம் மாடி, கேட்கிறதா?"
"கேட்கிறது."
"ஊற்றட்டுமா?"
"ஊற்றுங்கள்."

ஒரு முழு வாளி.
சுவருக்குள் கடகடவென்று என்னைத் தாண்டி
மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி,
யார் வீட்டிலும் தலைகாட்டாமல்
தரைக்கடியில் போய் மறைந்தது.

அப்புறமும் ஓட்டை மூடவில்லை.
அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.
ரேடியோவில் நாளைய மழை.
யாரிடமோ, பூனையிடமாக இருக்கலாம்,
"நீ சாப்பிட்டாயா?"
ரூமியானா போன பிறகு
யாருக்காக இத்தனை புட்டி நிரப்புகிறார்?
கேட்டிருக்கலாம்.
வாயை வைத்தால் போதும், அவ்வளவு பக்கம்.

வாஷரைத் துடைத்தேன்,
வளைகுழாயைப் பொருத்தி
இறுக்கினேன்.

வெள்ளிக்கிழமை கதவிடுக்கில் ஒரு சீட்டு.
கம்பி வாடகையில் என் பாதி, பதினொரு லெவா.
அதற்கடியில், வேறு மையில்,
லிஃப்ட் கணக்கு.

பதினொன்றை மட்டும் உறையில் போட்டேன்.
இரண்டு நாள் முழங்காலிட்டதில் கால் விண்விண்ணென்றது;
லிஃப்டில்தான் போனேன்.

மூட்டில் இன்னும் சொட்டுகிறது.
வாளியை எடுக்கவில்லை.