சொல்லுக்கு எண்பது காசு

நாலு சொல். மூன்று ரூபாய் இருபது காசு.
காலை முழுக்க அதிலேயே போயிற்று.
கமிஞு தெ பே போஷ்து.
போர்ச்சுகலில் ஏதோ மலையேறப் போகிறவர்களுக்கான கையேடு.
நான் சாந்தோமில், மூன்றாம் மாடியில்,
ஓடாத ஏசிக்குக் கீழே.

கமிஞு, வழி. சரி.
பே, கால்.
நம்மிடம் அதே ஓசைக்கு
அச்சம் என்றொரு பழம்பொருள் உண்டு,
இப்போது வேண்டாம் என்று தள்ளிவைத்தேன்.
போஷ்து, வைத்தது.
வண்டிக்காக யாரும் போட்டதில்லை,
கால் வைத்து வைத்தே உண்டானது
என்கிறது அகராதி.
யார் வைத்த கால்?
எழுவாய் இல்லை.
அதே போஷ்து
பெட்ரோல் பங்குக்கும் பெயராம்.

சாவி தந்தார்கள், ஜன்னல், மேசை, அலமாரி
தந்தார்கள் கப்பலில் வந்தவர்கள்.
எல்லாம் உள்ளே இருப்பவனுக்கான சாமான்.
வெளியே போகிற இந்த ஒன்றை
இறக்காமலே போய்விட்டார்கள்.
இறக்கியிருந்தால் மட்டும் என்ன,
அந்தச் சாவியாலேயே பூட்டியிருப்போம்.

'ஒற்றையடிப் பாதை' என்று அடித்தேன்.
அடி கால், அடி அளவு, அடி உதை,
இதோ நீங்கள் படிக்கிற இந்த வரியும் அடிதான்.
ஆனால் ஒற்றை என்றதும்
எவனோ ஒருவன் தனியே நடக்கத் தொடங்கிவிடுகிறான்.
போனவர்களோ ஊர்ப்பட்ட பேர்.
அழித்தேன்.
'நடைபாதை' இந்த ஊரில்
இட்லிக் கடை, மின்பெட்டி,
சாய்ந்து நிற்கும் ஒரு புல்லட்.
அதையும் அழித்தேன்.

குப்பைக் கூடையை எடுக்க வந்த டெல்பினாவிடம் கேட்டேன்:
மந்தைவெளி ஸ்டேஷனுக்குப் பின்னால்
பார்த்தீனியச் செடிகளுக்கு நடுவே
கோடு மாதிரி போகுமே,
தினம் அதில்தானே வருகிறீர்கள்,
அதற்கு என்ன பேர்?

"அதுக்கு எதுக்கு சார் பேரு?
குறுக்கால பூந்து வர்றதுதான்.
போன வாரம் சுவரு வச்சிட்டாங்க."

அப்புறம்?

"ஒரு கல்லு எடுத்திருக்கு.
கால் வைக்கிற அளவுக்கு."

யார் எடுத்தது?

"தெரியல சார். எடுத்திருக்கு."

கூடையைத் தட்டிவிட்டு மேசையடியில் வைத்தாள்.
ஒரு காகித உருண்டை மட்டும்
அடியில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்காமல்
அந்தப் பக்கம் போனேன்.
இடுப்புயரச் சுவர், சிமெண்ட் இன்னும் கருமை மாறவில்லை.
முழங்கால் உயரத்தில் ஒரு குழி,
விளிம்பெல்லாம் சேறு.
ஷூவைப் பார்த்தேன், குழியைப் பார்த்தேன்.
கையேட்டில் அந்த இடம் இன்னும் காலி.
பின்னால் டிபன் கேரியரோடு ஒருவர்,
அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"வலது கால முதல்ல வைங்க சார்.
இல்லன்னா மாட்டிக்கும்."