மூன்று நாளைக்கு ஒருமுறை

ஞாயிற்றுக்கிழமை சந்தை முடிந்து
பூண்டு வாசத்தோடு உள்ளே வந்தார்
பூம்பாறை குழந்தைவேலப்பன்.
கோணிப்பையில் ஒரு சுவர்க்கடிகாரம்,
கூடவே செங்கல் கனத்தில் கறுப்புப் பெட்டி.
"ஊருக்குத் திரும்பின அமெரிக்க டீச்சர் வீட்டு ஏலம்.
முந்நூறு ரூபா.
மணிக்குப் பத்து நிமிஷம் பிந்துது, பாருங்க."

ஏழு ரோடு முக்கில் என் கடை.
'ஜெசிந்தா மோட்டார் வைண்டிங்'.
கிரைண்டர், பம்புசெட், லாட்ஜ் கெய்சர்.
கடிகாரம் என் வேலை இல்லை.
ஆனாலும் உள்ளே மோட்டார் என்று ஒன்று இருந்தால்
என் விரல் சும்மா இருக்காது.

தூசி இல்லை. பல் தேயவில்லை.
எண்ணெய்கூட இன்னும் தேன் நிறத்தில்.
தகட்டைத் துடைத்தபோது தெரிந்தது:
நூற்றுப்பத்து வோல்ட், அறுபது சைக்கிள்.

கறுப்புப் பெட்டி வோல்ட்டை இறக்கிவிடும்.
துடிப்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.
அறுபது துடிப்பு எண்ணினால்தான்
ஒரு விநாடி என்று ஒப்புக்கொள்ளப் பழகிய சாமான்.
நம் கம்பி தருவது ஐம்பது.
பொய் சொல்லவில்லை, பாவம்.
நம் ஒரு மணி அதற்கு ஐம்பதே நிமிடம்.

"ஐம்பதுன்னு யாருங்க வச்சது?"

எனக்குத் தெரிந்தது இரும்பும் செம்பும்தான்.
துடிப்பு குறைந்தால் இரும்பு கூட வேண்டும்,
ட்ரான்ஸ்ஃபார்மர் எருமையாய்ப் பெருக்கும்.
இன்னும் குறைத்தால் குண்டு பல்பு
கண் சிமிட்டுவது வெளியே தெரிந்துவிடும்.
இப்போதும் விநாடிக்கு நூறு முறை சிமிட்டத்தான் செய்கிறது;
இழை ஆறுவதற்குள் அடுத்த அலை வந்து
மானத்தைக் காப்பாற்றிவிடுகிறது.
சரி, கூட்டினால்?
இரும்பு சுடும்.
கொண்டைஊசி வளைவுகளைத் தாண்டி ஏறும் கம்பி
தனக்குத் தானே முட்டுக்கட்டை போடும்.
கடைசி வீட்டு பல்பு
மஞ்சளாய்ச் சுருங்கிப் போகும்.

இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய மைதானம்.
நாற்பத்தெட்டில் நின்றிருக்கலாம்.
ஐம்பத்தைந்திலும் குடி முழுகியிருக்காது.
எங்கோ ஒரு பட்டறையில்
முதல் எந்திரம் செய்தவர்கள் ஓர் எண்ணில் நின்றார்கள்,
அடுத்தவன் அதற்குத் தோதாக மோட்டார் செய்தான்,
அதன் பிறகு யாரும் நகர முடியவில்லை.
கடலுக்கு அந்தப் பக்கம் அறுபதில் நின்றவர்களுக்கும்
அதே கதைதான்.

"சந்தையில துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி."

அதேதான் அண்ணா.
ஆனால் இந்தத் துண்டை இனி யாரும் எடுக்க முடியாது.
நெய்வேலியில் சுற்றுகிற உருளையும்
இமயத்து அணையில் சுற்றுகிற உருளையும்
ஒன்றையொன்று பார்க்காமலே
கால் மாறாமல் நடக்கின்றன.
ஒருவர் தளர்ந்தால் எல்லோரும் கொஞ்சம் தளர்வார்கள்.

வெளியே கம்பத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் முனகிக்கொண்டிருந்தது.
கோயில் ஆர்மோனியத்தின் தாழ்ந்த ஜி-க்கு
ஒரு மயிரிழை மேலே அந்தச் சத்தம்.
பாடற்குழுவில் பதினாறு வருஷம் இருந்தவள், எனக்குத் தெரியும்.
பனி இறங்கும் நாளில்
இன்னும் கிட்டத்தில் கேட்கும்.

கோயம்புத்தூரில் புதுப் பல்சக்கரம் வெட்டித் தருவார்கள்,
தொள்ளாயிரம் ஆகும் என்றேன்.
கடிகாரத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார்.
"இப்படியே விட்டா எப்பவாவது சரியாக் காட்டுமா?"
மூணு நாளைக்கு ஒரு தடவை.
"மூட்டத்துல கிடக்கிற பூண்டுக்கு அது போதும்மா."
ராத்திரி ஏழுக்கு முள்ளைத் திருப்பி
மாட்டிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.
கூலி வாங்கவில்லை. ஒரு பிடி பூண்டு வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை ஏழு மணிக்குத்தான் எதிர்பார்த்தேன்.
பகல் பதினொன்றரைக்கே போன்.
"சரியா இருக்கு! செல்போனும் அதுவும் ஒரே மணி!"
பின்னால் குழந்தைகள் கத்துவது கேட்டது.

பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
நடுவில் ஒன்றரை மணி நேரம்
அது அசையாமல் நின்றிருக்க வேண்டும்.

"அண்ணா, அங்கே லைன்ல மரம் ஏதும் விழுந்துச்சா?"

"திங்கக்கிழமை ராத்திரி. யூக்கலிப்டஸ்.
உங்களுக்கு யார் சொன்னா?"