பதின்மூன்றாம் பொத்தான்

குர்மீத் வீட்டுக்கு இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் வந்த அன்று
அட்டைப்பெட்டியை வெட்கப்படாமல் கேட்டு வாங்கினேன்.
மூன்று மாடி முதுகில் ஏற்றினேன்.
தில்லி முழுக்க லிஃப்ட் பழுது பார்க்கிறவன்
குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

பள்ளிக்கு ஒன்பது நாள் விடுமுறை.
மயூர் விஹாரில் எதிர்ச்சாரி வீடுகள்
காலையிலிருந்தே தெரியவில்லை.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகுவதைப் பார்த்து
"வெளியே காத்தே இல்லையாப்பா?" என்றாள் தேன்மொழி.
இருக்கிறது, ஆனால், என்று தொடங்கி
முடிக்கத் தெரியாமல்
பெட்டியில் வட்டமாக ஒரு ஜன்னல் வெட்டினேன்.
வட்டம் வரவில்லை.
சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வரைந்திருக்கலாம் என்று
வெட்டிய பிறகுதான் தோன்றியது.
"உருளைக்கிழங்கு ஜன்னல்" என்று பெயர் வைத்தாள்.
அது நிலைத்துவிட்டது.

உள்ளறையில் ஜெசிந்தா தூங்குகிறாள்.
இரவு டியூட்டி முடிந்து வந்தவளை எழுப்பக் கூடாது.
அதனால் எங்கள் கப்பல் துரப்பணம் இல்லாமல்,
சுத்தியல் இல்லாமல் எழுந்தது.
பழுப்பு டேப்பை இழுத்தால் அலறும்;
தலையணைக்கு அடியில் கைவிட்டு
அங்குலம் அங்குலமாகக் கிழித்தோம்.
சப்பாத்தி சுற்றும் தகரத்தாளை வெளிப்புறம் ஒட்டினோம்.
பாதியில் தீர்ந்தது.
மற்ற பாதியில் இன்னமும் ஃப்ரிட்ஜ் படம்.

நேரு பிளேஸில் கழற்றிய பழைய பலகை ஒன்று
காயலான் கடைக்குப் போக என் பையில் கிடந்தது.
பித்தளைப் பொத்தான்கள், விரல் பட்டுத் தேய்ந்த எண்கள்.
பேட்டரி கொடுத்து ஒவ்வொன்றுக்கும் பின்னால்
ஒரு சிவப்பு விளக்கு வைத்தேன்.
பல லிஃப்டில் கதவை மூடும் பொத்தானுக்குக் கம்பியே இருக்காது,
சும்மா அழுத்திக்கொண்டிருப்பார்கள்.
இதில் அதற்கும் இணைப்புக் கொடுத்தேன்.

"பன்னெண்டுக்கு அப்புறம் பதினாலு.
நடுவுல இருந்தது எங்க?"
"பயந்துக்கிட்டு விட்டுட்டாங்க."
"எதுக்குப் பயம்?"
"அந்த நம்பருக்குத்தான்."
கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள்.
"பாவம் அது."
பிறகு அம்மாவின் நகப்பூச்சைக் கொண்டுவந்து
இரண்டுக்கும் நடுவே
ஒன்று போட்டாள், பக்கத்தில் மூன்று போட்டாள்.
மூன்று வேறு பக்கம் திரும்பி நின்றது.
திருத்தச் சொல்லவில்லை நான்.

மறுநாள் புறப்பாடு.
தஸ், நௌ, ஆட், ஸாத் என்று கிசுகிசுத்தாள்.
அடுத்தது மறந்துபோய்
ஆறு, அஞ்சு என்று தமிழுக்கு மாறும்போது
வாசற்கதவு திறந்தது.

கன்னத்தில் முகக்கவசத்தின் தடம்.
"ராத்திரி பூரா நெபுலைசர்தான்" என்றாள் என்னிடம்.
"உட்காரவே முடியல."
அதற்குள் உருளைக்கிழங்கு ஜன்னலிலிருந்து ஒரு கை:
"அம்மா, இங்க காத்து இருக்கு. வா."

ஷூவைக் கழற்றாமல் தவழ்ந்து போனாள்.
ஒரு நிமிடம்தான் இருக்கும்.
கப்பலுக்குள்ளிருந்து குறட்டை.
முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள்
வாசலுக்கு வெளியே கிடந்தன.

தேன்மொழி அவசரமாக இறங்கி வந்தாள்.
வெளியே கிடக்கும் கால்களுக்கு என்ன ஆகும் என்று
அவளுக்குத் தெரியும்.
ஷூவின் மேல் என் மங்கி குல்லாவை மாட்டினாள், ஒன்றுதான் இருந்தது.
இன்னொரு காலுக்குத் தன்னுடையது.
பிறகு உள்ளே போய், அம்மாவைத் தாண்டி,
விளக்கோ கம்பியோ இல்லாத
அந்த நகப்பூச்சை அழுத்தி
வாயாலேயே மெதுவாக 'டிங்' என்றாள்.

என் போன் அதிர்ந்தது.
கர்கர்டூமாவில் ஏதோ அலுவலகம்,
லிஃப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே இரண்டு பேராம்.
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு
"கௌன்சா ஃப்ளோர்?" என்று கேட்டேன்.

"பதிமூணு" என்றாள்
பெட்டிக்குள்ளிருந்து.
"சத்தம் போடாதப்பா."