கண் திறப்பு

புதுச்சேரி விடுதிக் கதவுக்கு
வளையம் கடித்த முகம் ஒன்று வேண்டுமாம்.
வாட்ஸப்பில் படம் வந்தது:
யவனப் பெண். கூந்தலெல்லாம் பாம்பு.

தையல்நாயகி மெழுகை உருட்டினாள்,
பத்தொன்பது பாம்பு.
படத்தில் இல்லாத படம்
இரண்டுக்கு விரிந்துவிட்டது.
கைப்பழக்கம்.

காவிரி வண்டல் பூசி,
மெழுகு ஓடிய வழியே பித்தளை இறங்கிற்று.

பார்த்தவர் கல்லாவாராம்.
கண்ணைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.
சாமிக்கென்றால் எதிரே கண்ணாடி பிடிப்பார்கள்;
இவள் சோற்றுத்தட்டைக் கழுவி
நிமிர்த்தி வைத்து
அதில் பார்த்தபடி உளியைத் தட்டினாள்.

ஒன்றும் ஆகவில்லை.
சுவாமிமலைத் தெருவில்
குழாய்த்தண்ணீர் வந்தது, நின்றது.

மூன்று மணிக்குக்
குழுக்கடன் வசூல்காரன்
வாசலில் நோட்டை விரித்தவன்
உள்ளே பார்த்தான்.
விரித்த நோட்டு விரித்தபடி.

பிறகு
நாளைக்கு வர்றேங்க்கா என்றான்.

பார்சலை
இரண்டு நாள் தள்ளிப்போட்டாள்.