நடு மோடு

மேல்விஷாரம் அதாவுல்லா
அட்டாரியைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தபோது
தோட்டப்பாளையம் முழுக்கக் கரண்ட் இல்லை.
விசைப்பலகைக்குள்ளேயே மொத்த மெஷினும்.
எண்பத்தெட்டில் ஜெர்மனிக்குத் தோல் விற்கப் போன அத்தா
ஷூ சாம்பிள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது.
கூட வந்த மானிட்டர்
தொண்ணூற்றேழு கத்திரி வெயிலில் ‘டப்’பென்று போனது.
அதற்குப் பிறகு இதற்குக் கண் கிடையாது.

“ஒரே ஒரு ஃபைல் தொறக்கணும்மா.
தோல் ஷெட்டை மூடின மாசத்துக் கணக்கு.
அண்ணன் சனிக்கிழமை வரார்.”

கரண்ட் வந்ததும் புது டிவியில் சொருகிப் பார்த்தேன்.
நீலம். சிக்னல் இல்லை.

எழுந்ததும் இந்த மெஷின் கேட்பது ஒரே கேள்வி:
கலரா, கறுப்பு வெள்ளையா?
வாயால் பதில் சொல்ல வேண்டாம்.
பதிமூன்று ஊசியில் நாலாவது
தரையைத் தொட்டால் கறுப்பு வெள்ளை,
தொடாவிட்டால் கலர்.
பாதியில் மனசு மாறிப் பிடுங்கிச் சொருகினால்
எல்லாம் மறந்து மறுபடி முதலிலிருந்து எழும்.

நாலாவதைத் தரையோடு பற்றவைத்தேன்.
உயர் மோடு: நொடிக்கு எழுபத்தொரு தரம் துடிப்பு.
தட்டை மானிட்டர் ‘வரம்புக்கு வெளியே’ என்று எழுதிவிட்டுத்
தூங்கப் போய்விட்டது.

மிச்சம் ஒன்றுதான்.
ஆஸ்பத்திரி ஏலத்தில் எடைக்கு எடுத்த
ஸ்கேன் மானிட்டர். அரைத் தலையணை அளவு.
நெற்றியில் இன்னும் உரியாத ஸ்டிக்கர்:
கருவிலுள்ளது ஆணா பெண்ணா எனத் தெரிவிப்பது குற்றம்.

பற்றவைத்ததை எடுத்தேன். ஒயரை மாற்றினேன்.
பிடித்துக்கொண்டது.
கீழ் மோடு. பதினாறு நிறமும்
பதினாறு சாம்பல்.
இடது மூலையில் வருஷக்கணக்காய்க் காய்ந்து
பாஸ்பரத்தில் தழும்பாகிப் போன எழுத்து:
பெயர், வயது, எத்தனையாவது வாரம்.
அதன் மேலேயே கணக்கு விரிந்தது.

கணக்கு நிரல் உயர் மோடு இல்லாமல் வராது என்று அடம்.
விடு என்று ஃபைலை வெறும் எழுத்தாய்த் திறந்தேன்.

ரசாக், டிரம், பதினொரு நாள்
வன்னிவேடு தேவராஜ், சுண்ணாம்புக் குழி, பத்தொன்பது நாள்
குப்பம்மா, முடி வாரியது, இருபத்தி ரெண்டு நாள்
ஜியாவுதீன், கைமாத்து, ரெண்டு தவணை

அதற்கு மேல் கண்ணாடி.
கீழ் மோடில் வரிக்கு நாற்பது எழுத்துதான்.
நாற்பத்தொன்றிலிருந்து தொகை.

அதாவுல்லா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
வரி வரியாய் இறங்கினார்.
தேவராஜ் பெயரில் விரல் நின்றது.
அண்ணன் பெயரில் நிற்கவில்லை.

“இதுக்கு மேல காட்டாது, இல்ல?”
கேள்வி மாதிரி இல்லை அது.
கதவைச் சாத்தின மாதிரி இருந்தது.

“நடுவுல ஒரு மோடு இருக்குங்க” என்றேன்.
“நாலு நிறம்தான். ஆனா வரிக்கு எண்பது எழுத்து.
மெனுவுல ஒரு சொடுக்கு, அவ்ளோதான்.”

வெளியே குடியாத்தம் பஸ் ஒன்று ஹாரனை நிறுத்தாமல் போனது.
அது போய் முடியட்டும் என்று காத்திருந்தவர் போல
இருந்துவிட்டு,
“சனிக்கிழமை வரைக்கும் இப்படியே இருக்கட்டும்மா.
அண்ணன் வந்து இதையே பாக்கட்டும்” என்றார்.
ஐந்நூறு ரூபாய் வைத்தார்.
துண்டை எடுக்க மறந்துபோனார்.

ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
ஈயம் ஆறும் வாசனை.
சொன்னதைச் செய்வதுதான் என் தொழில்;
மோடைக் கேட்ட இடத்தில் விட்டுவைக்க வேண்டும்,
காலையில் விட்டுவைப்பேன்.

ஒரு சொடுக்கு.
எழுத்தெல்லாம் ஒல்லியாகி ஒதுங்கி
வலப்பக்கம் இடம் விட்டன.

அண்ணன் வரியை நான் படிக்கவில்லை.
படித்தேன்; அது எனக்கெதற்கு.

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
ஒன்றை மட்டும் எழுதி மடித்துக்கொண்டேன்.
யாரென்று தெரியாது, இருக்கிறாளா என்றும் தெரியாது.
குப்பம்மா, இருபத்தி ரெண்டு நாள்,
பாக்கி அறுநூற்று நாற்பத்தொரு ரூபாய்
ஐம்பது காசு.