பெட்டி எண் நாற்பத்தொன்று

மரோல் நாக்காவில் மழை.
தகரக் கொட்டகைக்குள் பெட்டி எண் நாற்பத்தொன்று.
பதினெட்டு மீட்டர் ஆழத்திலிருந்து
பாபன் தாண்டேல் இழுத்துப் போட்ட கல் உருளைகள்
இரவுப் பணி முடிந்தவர்கள் மாதிரி
வரிசையாகப் படுத்திருக்கின்றன.
ஈரத்துணியால் துடைத்து எழுதுகிறேன்:
கருஞ்சாம்பல். நுண்மணி. சிதையாதது. விரிசல் இரண்டு.
படிவத்தில் இதற்கு மேல் இடமில்லை.

நெருப்பில் பிறந்த கல் மேடம், என்கிறான் பாபன்.
நெருப்பு எங்கே இருந்தது?
எண்பது கிலோமீட்டர் கீழே
விறகில்லை, சுவாலையில்லை.
பச்சை நிறத்தில் ஒரு கெட்டிப் பாறை
கொதிக்கக் கொதிக்க உருகாமல் கிடந்தது.
மேலே அத்தனை பாரம்.
அது ஏறி வந்தது,
ஆண்டுக்கு நாலு விரற்கடை.
சூடு கூடவில்லை.
பாரம்தான் குறைந்தது.
குறைந்ததும் உருகிற்று.
அதுவும் முழுக்க அல்ல,
நூற்றில் பத்துப் பங்கு,
மணிக்கும் மணிக்கும் இடுக்கில் வியர்வைபோல.

கல்லூரியில் இதை மனப்பாடம்தான் செய்தேன்.
பதினோரு வருடம் கட்டிய கடனின் கடைசித் தவணை
போன வெள்ளிக்கிழமை கழிந்தது.
செய்தி வந்தபோது போரிவலி லோக்கலில்,
மகளிர் பெட்டியில், சொட்டும் குடைகளுக்கு நடுவே நின்றிருந்தேன்.
வங்கி ஆள் வாசலில் நின்று கத்திய அன்று வராத அழுகை
ஜோகேஸ்வரி தாண்டியதும் வந்தது.
பக்கத்தில் நின்றவள் கைக்குட்டை நீட்டி,
யார் தவறிப்போனது என்று மராத்தியில் கேட்டாள்.
யாருமில்லை என்றேன்.
அவள் நம்பவில்லை.

உருகியது கனம் குறைந்தது; கனம் குறைந்தது ஏறியது.
வழியில் எங்கோ ஒரு குகையளவு இடத்தில் தேங்கி
ஆறத் தொடங்கியது.
ஆலிவின் முதலில். எப்போதும் அதற்குத்தான் அவசரம்.
பிறகு பிளாஜியோகிளேஸ், வெள்ளைக் குச்சி குச்சியாக.
பிறகு பைராக்சீன், கிடைத்த சந்துகளில்.
ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள
மிச்சமிருந்தது வேறொரு குழம்பு.
எல்லோரும் சாப்பிட்ட பிறகு
சட்டியில் இருப்பது காலையில் வைத்த குழம்பா என்ன?

அப்புறம் தரை பிளந்தது.
ஆறரைக் கோடி வருடம் முன்னால்,
இன்றைக்கு ரிக்‌ஷாக்கள் ஹாரன் அடிக்கும் இதே இடத்தில்,
ஆயிரத்து இருநூறு பாகையில் வழிந்து
காற்றைத் தொட்டுத் திடுக்கிட்டு நின்றது.
வளர நேரமில்லை. நேரமில்லாததால் மணிகள் பொடி.
அடியிலேயே தங்கிப் பொறுமையாக ஆறியிருந்தால்
இதுவே பெருமணிக் கல்லாயிருக்கும், பெயர்கூட வேறு, காப்ரோ.
பாகு ஒன்றுதான்;
நிதானமாக விட்டால் கற்கண்டு,
கிளறி அவசரப்படுத்தினால் சீனி.

ஞாயிற்றுக்கிழமை கில்பர்ட் குன்றுக்குப் போனேன்.
சலவைத் துணி தொங்கும் மாடிகளுக்குப் பின்னால்
நெட்டுக்குத்தாகக் கருந்தூண்கள்.
ஆறும்போது சுருங்கி, சுருங்கும்போது வெடித்து,
வெடிப்பிலும் ஓர் ஒழுங்கு.
உச்சியில் காவ்தேவி கோயில் மணி.
கீழே ஒருவன் தூணில் சாய்ந்து
போனில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இதே கல்லை
தலைமுடியைவிட மெலிதாகத் தேய்த்து
நுண்ணோக்கியில் வைத்தால் வெளிச்சம் ஊடுருவும்.
ஆலிவின் ஊதாவும் மஞ்சளுமாகத் திரும்பும்.
கறுப்பு என்று நான் எழுதியது
அதன் தடிமனைத்தான்.

பத்தொன்பதாவது மீட்டரில் ஒரு குமிழி.
வெளியேற முடியாமல் உறைந்த வாயுவின் அறை.
அது போன பின்பு எந்தக் காலத்து நீரோ கசிந்து
உள்ளே இளஞ்சிவப்பில் ஸ்டில்பைட் விரித்துவைத்திருக்கிறது,
பாதி திறந்த விசிறி.
பாபன் அதைப் பார்க்கிறான்.
பிறகு என்னைப் பார்க்கிறான்.
அவன் மகள் சுவராவுக்கு நாளை ஒன்பது முடிகிறது.
மாதிரிக் கல்லைத் தொடக்கூடாது என்று
சுவரில் மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது.
நான் டீ வாங்கப் போகிறேன்.

திரும்பி வந்து படிவத்தை முடிக்கிறேன்:
கல் இழப்பு, மூன்று சென்டிமீட்டர்.
காரணம், இயற்கையான வெற்றிடம்.