ஆறு பேருக்கு ஒரு படகு

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில்
முப்பத்தொரு வருஷம் படுக்கை விரிப்புகளை எண்ணிய ஃபிராங்கோவுக்கு
இந்த வெள்ளியோடு ஓய்வு.
கடிகாரம் வேண்டாம், கேக்கும் வேண்டாம்,
ஒரு நாள் மீன்பிடிக்கக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றான்.
காசு சேர்ந்துவிட்டது.
படகு பார்க்கும் வேலை மட்டும் என் தலையில்:
"நீதானே எதையும் இரண்டு தரம் எண்ணுகிறவள்."

ஜெரால்டனில் படகுகளுக்குப் பஞ்சமில்லை.
துறைமுக வேலியில் பலகை,
தூண்டில் கடைக் கண்ணாடியில் அட்டை.
எல்லாவற்றிலும் ஒருவன்
தன் பிள்ளையை விடப் பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறான்.
மீனைப் பார்த்துப்
படகை எப்படி அறிவது?

ஒரு கொப்பி வாங்கினேன்.

"என்னோடு வந்து வெறுங்கையோடு திரும்பியவர் கிடையாது"
என்றான் ஒருவன்.
கடல் என்ன, அவன் வீட்டுக் குளிர்பெட்டியா?
கோடு போட்டேன்.

இன்னொருவன் மலிவு.
சாப்பாடு, பியர், ஐஸ், இரை, பிடித்ததைத் துப்புரவாக்கித் தருவது
எல்லாம் அதற்குள் அடக்கம்.
மிதவைச் சட்டை எத்தனை என்று கேட்டேன்.
"போதுமானது இருக்கு."
போதுமானது என்பது ஓர் எண் இல்லை.
திரும்பக் கேட்டேன்.
வானிலை நன்றாக இருக்கும் என்றான்.

லொறேன் மூன்றாவதா நாலாவதா, ஞாபகமில்லை.
நடுவில் இருமும் குரல்.
சட்டை பன்னிரண்டு, ஆட்கள் எட்டுக்கு மேல் ஏற்றுவதில்லை என்றாள்.
எஞ்சின் நின்றால்?
"இரண்டு இருக்கிறது."
இரண்டும் நின்றால்?
"நங்கூரம் போட்டு, ரேடியோவில் கூப்பிட்டு, தேத்தண்ணி வைப்பேன்."
அடித்தட்டில் தண்ணீர் ஏறினால் இறைக்கிற பம்ப்
கடைசியாக எப்போது ஓடிற்று?

அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி.
"இதை யாரும் கேட்டதில்லையே.
முன்பு படகில் போயிருக்கிறாயா?"
ஒரு தரம். பதினேழு நாள்.
"அடேயப்பா! என்ன பிடித்தீர்கள்?"
ஒன்றுமில்லை என்றேன்.
எங்களைத்தான் பிடித்தார்கள்.

அவள் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை.
புதன்கிழமை வேலை முடிய வா,
படகைக் காட்டுகிறேன் என்றாள்.

பகல் வெளிச்சத்தில்,
காசு கொடுக்கு முன்,
ஒரு படகை நான் பார்த்தது அன்றுதான்.
மூடியைத் தூக்கிப் பம்பை ஓடவிட்டாள்.
சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள், எண்ணினேன்.
ஏழாவதின் கொளுக்கி இளகியிருந்தது.
ஒன்றும் பேசாமல் அதைக் கரையில் வீசினாள்.

பிறகு சட்டதிட்டம்:
ஆளுக்கு இத்தனைதான்.
அளவு காணாததைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.
அந்தச் சொல்லில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன்.
மீனைத்தான் சொன்னாள்.

முன்பணம் கட்டி ஐந்து பேர் பெயர் எழுதினேன்.
"ஆறு என்றாயே?"
பேனாவை வாங்கி வைத்துக்கொள்ளாமல்
அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனி விடிய நாலு மணிக்கு அவளிடமிருந்து செய்தி:
தெற்குக் காற்று, இருபத்தெட்டு நொட். இன்று இல்லை.
காசு வேண்டுமா, அடுத்த ஞாயிறு வேண்டுமா?
ஃபிராங்கோ இத்தாலியில் ஏதோ திட்டினான்.
மலிவுக்காரனின் படகு வெளிக்கிட்டுவிட்டதாம்,
பார், என்றார்கள் எல்லோரும்.

நான் ஜன்னலைப் பார்த்தேன்.
கிரீனோ பக்கத்து மரங்கள் நிலத்தோடு படுத்துக் கிடப்பது
இந்தச் சோளகத்தால்தான்.
கொப்பியில் லொறேன் பெயருக்கு எதிரே
இன்னொரு சரி போட்டேன்.

ஞாயிறு என்று பதில் எழுதினேன். ஆறு பேர்.
மருந்துக்கடையில் வாந்தி மாத்திரை வாங்க வேண்டும்.
இஞ்சியும்.